மூன்று தோல்விகளுக்குப் பின்

பனிக்கட்டியின் மேல் நான் நின்றதில்லை. கோடையில் சர்பத்துக் கடைக்காரர் மரத்தூளில் புதைத்துவைத்திருந்து, கோணிக்குள் போட்டு உடைத்துக் கொடுத்த பனிக்கட்டியே நான் அறிந்த பனிக்கட்டி. அப்படியிருக்க, கனடா நாட்டு ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பற்றிப் பேசப் புகுந்தது ஏன் என்று நேயர்கள் வினவலாம். நான் வரலாறு கற்பிப்பவன். தோற்றுக்கொண்டிருந்த ஒரு பக்கம் திடீரென்று வென்றது ஏன் என்னும் வினா எங்கள் துறையில் அடிக்கடி எழும். அதற்கு மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘மனந்தளராமல் போரிட்டனர், ஆகவே வென்றனர்.’ அந்த விடையின் ஓரத்தில் ‘எப்படி?’ என்று சிவப்பு மையால் எழுதுவது என் வழக்கம். அந்த ‘எப்படி?’ என்ற வினாவுக்கு மிகத் தெளிவான விடை தரும் நிகழ்ச்சி ஒன்றை, போர்க்களத்தில் அன்று, ஓர் ஆடுகளத்தில் கண்டேன். அது 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்தது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் கொண்ட பனித்தரை. சுற்றிலும் மரப்பலகைச் சுவர். பக்கத்துக்கு அறுவர்; அவருள் ஒருவர் கோல் காவலர். காலில் கத்தி போன்ற இரும்பு பொருத்திய காலணி, கையில் வளைகோல். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வட்டு. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். விதி மீறியவர் இரண்டு நிமிடம் வெளியே சென்று உட்காரவேண்டும். அதுவரை அவர் கட்சி ஆள் குறைந்து ஆடவேண்டும். நம்மூர் ஹாக்கியின் உறவினர்தான் இந்த ஆட்டம். ஆனால் ஓட்டத்தின் வேகமோ குதிரையின் வேகம்.

இந்த ஆட்டத்தின் தலைசிறந்த பரிசு ஸ்டான்லி கோப்பை. கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-இல் பத்துக் கினி விலையில் வாங்கி அளித்த சிறு வெள்ளிக் கிண்ணம் அது. நாளடைவில் வென்றோர் பெயர்களைப் பொறிக்க இடம் போதாமல், அடியில் பட்டை பட்டையாக வெள்ளி சேர்த்துச் சேர்த்து, கிண்ணம் ஆளுயரத்தில் பாதிக்கு வளர்ந்துவிட்டது.

1942-இல் அந்தக் கோப்பைக்குப் போட்டியிட்ட தேசிய ஹாக்கி லீக்கில் ஏழு அணிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று டொராண்டோ நகரத்து மேப்பிள் லீஃப்ஸ். அதை உருவாக்கியவர் கான் ஸ்மித் என்னும் முரட்டு மனிதர். முதல் உலகப் போரில் பீரங்கிப்படையில் பணிபுரிந்து விருது பெற்று, பின் விமானத்திலிருந்து வீழ்த்தப்பட்டுப் பகைவரிடம் சிறையிருந்தவர். 1927-இல் நொடித்துக்கொண்டிருந்த ஓர் அணியை வாங்கிப் புதுப்பெயரிட்டார். நாடெங்கும் தொழில் முடங்கிக் கிடந்த 1931-இல், ஆறே மாதத்துக்குள் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்னும் பேரரங்கத்தைக் கட்டி முடித்தார். கையில் பணம் போதாமையால் கட்டடத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியைப் பங்குப் பத்திரங்களாகவே கொடுத்தார் என்பது அந்நகரத்தார் இன்றும் சொல்லும் கதை; கதையன்று, உண்மை. 1932-இல் அவருடைய அணி கோப்பையை வென்றது. அதன்பின் பத்தாண்டுகள்! இறுதிச் சுற்றுவரை ஆறு முறை சென்றும், ஆறு முறையும் வெறுங்கையோடு திரும்பியது.

1941–42 பருவம் சாதாரணப் பருவமன்று. கனடா 1939 செப்டம்பரிலேயே போரில் இறங்கிவிட்டது. அமெரிக்கா 1941 டிசம்பரில் இறங்கியது. பாஸ்டன் அணியின் உயிர்நாடியாக விளங்கிய ஷ்மிட், டூமார்ட், பாவர் என்ற மூன்று நண்பர்களும் 1942 பிப்ரவரியில் கனடிய விமானப்படைக்குப் புறப்பட்டார்கள். அவர்களுடைய கடைசி ஆட்டம் முடிந்ததும், எதிர்த்து ஆடிய மாண்ட்ரீல் வீரர்களும் சேர்ந்து அவர்களைத் தோளில் தூக்கிச் சென்றனர். ஸ்மித்தும் மீண்டும் படையுடை தரித்து, ஒரு பீரங்கிப் பிரிவுக்குத் தலைவராகிவிட்டார். அணி முழுதும் பயிற்சியாளர் ஹாப் டே கையில் இருந்தது.

இந்த டே என்பவர் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயின்றவர். 1932-இல் கோப்பை வென்ற அணியின் தலைவர். மருந்துக் கடைக்காரருக்கு அளவுதான் தெய்வம். எத்தனை பெரிய புகழ் படைத்த மருந்தானாலும், நோய்க்குப் பொருந்தாவிட்டால் அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான். பின்னால் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அவருடைய படிப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது.

பருவத்தின் 48 ஆட்டங்கள் முடிந்தபோது நியூயார்க் ரேஞ்சர்ஸ் 60 புள்ளிகளோடு முதலிடத்திலும், டொராண்டோ 57 புள்ளிகளோடு இரண்டாமிடத்திலும் நின்றன. அக்காலத்து விதிப்படி முதலிரண்டு அணிகளும் தமக்குள்ளே மோதவேண்டும். டொராண்டோ நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் நியூயார்க்கை வென்றது. மறுபுறத்தில், 42 புள்ளிகளே பெற்று ஐந்தாமிடத்தில் இருந்த டெட்ராய்ட் ரெட் விங்ஸ், மாண்ட்ரீலையும் பாஸ்டனையும் தட்டிவிட்டு இறுதிச் சுற்றுக்கு வந்தது. பதினைந்து புள்ளிகள் பின்தங்கிய அணி! ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவருக்குக் கோப்பை. முடிவு முன்பே தெரிந்த கதை என்றே டொராண்டோ மக்கள் எண்ணியிருப்பார்கள்.

முதல் ஆட்டம் ஏப்ரல் 4, சனிக்கிழமை இரவு. மாணவர்களே, இந்தத் தேதியில் சற்று நில்லுங்கள். அதே ஏப்ரல் 4-இல்தான், இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கனடிய விமானப்படை அதிகாரி, தீவை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவர் பெயர் லெனார்டு பர்ச்சால். டொராண்டோவுக்கு அருகிலுள்ள செயின்ட் கேதரின்ஸ் என்ற ஊரிற் பிறந்தவர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பின்மீது குண்டு விழுந்தது. கொழும்பில் ஞாயிறு காலை என்றால் டொராண்டோவில் சனி இரவு. ஏறத்தாழ அந்த முதல் ஆட்டம் நடந்த வேளை. மூன்றாம் ஆட்டம் நடந்த 9-ஆம் தேதியில் திருகோணமலை தாக்கப்பட்டது. அந்த ஏப்ரலில் சென்னையை விட்டு மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டூர்களுக்கு ஓடிய கதையை என் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம்மவர் ரயிலில் இடம் தேடிய அந்த நாட்களில் உலகின் மறுபுறத்தில் பதினாயிரம் பேர் கூடி ஆட்டம் பார்த்தார்கள் என்பதை முதலில் அறிந்தபோது எனக்குச் சினமே வந்தது. பிறகு, அவர்களுள் எத்தனை பேருடைய பிள்ளைகள் பர்ச்சாலைப் போல் எங்கெங்கோ பறந்துகொண்டிருந்தார்களோ என்று எண்ணிச் சினம் அடங்கினேன்.

முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட் 3–2 என்ற கணக்கில் வென்றது. தற்செயல் என்றார்கள். இரண்டாம் ஆட்டம் 4–2. மூன்றாவது, டெட்ராய்ட் நகரத்து ஒலிம்பியா அரங்கில், 5–2. இப்போது தற்செயல் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இன்னும் ஒரே ஓர் ஆட்டம் போனால் எல்லாம் போயிற்று.

எப்படி நேர்ந்தது இது? டெட்ராய்டின் பயிற்சியாளர் ஜாக் ஆடம்ஸ் தம் அணியின் வலிமையையும் குறையையும் நன்கு அறிந்தவர். டொராண்டோ வீரர்களைப் போல வட்டை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தட்டித் தட்டி அழகாகக் கொண்டுசெல்லும் திறன் தம்மவரிடம் இல்லை. ஆகவே அழகையே விட்டுவிட்டார். நடுக்களத்தைத் தாண்டியதும் வட்டை எதிரியின் மூலைக்கு ஓங்கி அடித்துவிடுவது. பிறகு எல்லோரும் வேகமாகப் பாய்ந்து, திரும்பி ஓடிவரும் தடுப்பு வீரரை மரச்சுவரோடு நெருக்கி வட்டைப் பறிப்பது. வட்டு யார் கையில் இருக்கிறது என்பதைவிட, அதனிடம் யார் முதலில் போய்ச் சேருகிறார் என்பதே பெரிதாயிற்று. இன்று இம்முறை எல்லா அணிகளும் கையாளும் சாதாரண முறை. அன்று பலருக்கும் இது நாகரிகமற்ற ஆட்டமாகத் தோன்றியது. மெதுவாகத் திரும்பும் டொராண்டோத் தடுப்பு வீரர்கள் தம் மூலைகளிலேயே மூச்சுத் திணறினார்கள்.

நான்காம் ஆட்டத்துக்கு முன் ஹாப் டே செய்த காரியத்தை ஊரார் எளிதில் நம்பியிரார். கார்டி டிரில்லன், பக்கோ மக்டானல்ட் என்ற இரு பெயர்பெற்ற வீரர்களை உட்கார வைத்தார். மக்டானல்ட் கனத்த உடலும் அனுபவமும் வாய்ந்த தடுப்பு வீரர். பின்னாளில் கனடா நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவே இருந்தவர். டிரில்லனோ அணியிலேயே மிகுதியாகக் கோல் போட்டவர்; அந்தப் பருவத்தில் மட்டும் 23 கோல்கள். 1937–38-இல் லீக் முழுவதிலும் அதிகப் புள்ளி பெற்ற வீரர் என்ற பட்டம் அவருடையது. அந்தப் பட்டத்தைக் கடைசியாகப் பெற்ற டொராண்டோ வீரரும் அவரே. வெற்றி ஒன்றே கதி என்ற இரவில், கோல் போடுபவரை வெளியே வைப்பதா?

டே கணக்கிட்டது வேறு. டிரில்லனின் கலை, எதிரியின் கோல் வாயில் அருகே நின்று, தோழர் அடிக்கும் வட்டை வளைகோலின் நுனியால் இலேசாகத் திருப்பி உள்ளே அனுப்புவது. நுட்பமான கலை, அதில் அவருக்கு நிகர் எவருமில்லை. ஆனால் வட்டு அங்கே வந்து சேர்ந்தாலன்றோ அக்கலைக்கு வேலை? டெட்ராய்டின் முறையில் வட்டு எந்நேரமும் மூலைகளில் கிடந்தது. அங்கே ஓடிப் பிடிக்கவும் இடித்து நிற்கவும் கால்கள் வேண்டும். டிரில்லன் இடத்துக்கு டான் மெட்ஸ் என்னும் இளைஞர் வந்தார். அவர் சஸ்காட்செவன் மாகாணத்தில் வில்காக்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அணியிலேயே ஆடிக்கொண்டிருந்த நிக் மெட்ஸின் தம்பி. அந்தப் பருவத்தில் அவர் பெரும்பாலும் பலகையில் உட்கார்ந்திருந்தவர். அடுத்த ஆட்டங்களில் பதினெட்டு வயது கே ஸ்டுவர்ட்டும் களத்துக்கு வந்தார். எதிரியின் முறையை எதிர்த்து முணுமுணுப்பதை விடுத்து, அதே முறையைத் தம்மவரும் கையாளவேண்டும், அதுவும் டெட்ராய்டைவிட வேகமாக என்பதே டேயின் தீர்மானம்.

இங்கே ஒரு கடிதத்தின் கதையும் உண்டு. டொராண்டோவைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, அணி தோற்றுவிடக் கூடாதே என்ற ஏக்கத்தோடு எழுதிய கடிதத்தை, நான்காம் ஆட்டத்துக்கு முன் டே வீரர்களுக்குப் படித்துக் காட்டினார். அதைக் கேட்டு ஸ்வீனி ஷ்ரைனர் எழுந்து, அந்தச் சிறுமிக்காக வென்று தருவோம் என்றாராம். பின்னர் இந்நிகழ்ச்சியை எழுதியவருள் பலர் கடிதத்தையே வெற்றிக்குக் காரணமாக்கிவிட்டார்கள். கடிதம் உண்மையே, அது நெஞ்சைத் தொட்டதும் உண்மையே. ஆனால் அதே கடிதத்தை மூன்றாம் ஆட்டத்துக்கு முன் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூலைக்குப் போகாத வட்டைக் கண்ணீர் கொண்டுவந்து கோலுக்குள் சேர்த்துவிடாது. என் சிவப்பு மை இந்த இடத்தில்தான் மிகுதியாகச் செலவாகும்.

ஏப்ரல் 12, ஒலிம்பியா அரங்கம். இரண்டாம் பகுதியில் டெட்ராய்ட் 2–0 என முன்னேறிவிட்டது. டொராண்டோ இரண்டையும் ஈடுசெய்தது. மூன்றாம் பகுதியில் டெட்ராய்ட் மறுபடி 3–2. அரங்கம் முழுவதும் கோப்பையை எதிர்பார்த்து ஆரவாரித்த நேரத்தில், தலைவர் சில் ஆப்ஸ் சமன் செய்தார். இந்த ஆப்ஸ் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கழியூன்றித் தாண்டும் போட்டியில் கலந்துகொண்டவர்; 1941–42 பருவம் முழுவதும் ஒரே ஒரு நிமிடங்கூடத் தண்டனை பெற்று வெளியே அமராதவர். முரட்டாட்டம் என்று பெயரெடுத்த ஓர் ஆட்டத்தில் இதை நான் பெருவியப்பாகக் கருதுகிறேன். சில நிமிடங்களுக்குப் பின் நிக் மெட்ஸ் வெற்றிக் கோலைப் போட்டார். அவருக்கு வட்டை எடுத்துக் கொடுத்தவர் ஆப்ஸும், தம்பி டான் மெட்ஸும். 4–3.

அடுத்து நிகழ்ந்ததை டெட்ராய்ட் மக்கள் மறக்க விரும்புவார்கள். கடைசி நிமிடங்களில் நடுவர் மெல் ஹார்வுட் விதித்த தண்டனைகளால் கொதித்த ஜாக் ஆடம்ஸ், ஆட்டம் முடிந்ததும் பனித்தரையைக் கடந்து சென்று நடுவரைத் தாக்கினார். லீக்கின் தலைவர் ஃபிராங்க் கால்டர் அன்று அரங்கிலேயே இருந்தார். உடனே ஆடம்ஸைக் காலவரையின்றி விலக்கிவைத்தார். டெட்ராய்டின் வெற்றிக்கு முறை வகுத்த மூளை, மிகத் தேவையான வேளையில், தன் கையாலேயே வெளியேற்றப்பட்டது. எஞ்சிய ஆட்டங்களுக்கு வீரர் எபி குட்ஃபெல்லோ பொறுப்பேற்றார். டே தம் அணியை மாற்றிக்கொண்டிருந்தபோது, அதற்கு மறுமாற்றம் செய்யவேண்டியவர் வாயிலுக்கு வெளியே நின்றார்.

ஐந்தாம் ஆட்டம் டொராண்டோவில், 9–3. பலகையில் உட்கார்ந்திருந்த டான் மெட்ஸ் மூன்று கோல் போட்டார். ஆறாம் ஆட்டம் டெட்ராய்டில், 3–0. முதற் கோல் அவருடையதே. கோல் காவலர் டர்க் புரோடா எதையும் உள்ளே விடவில்லை. மூன்றுக்கு மூன்று. இறுதிச் சுற்று ஏழாவது ஆட்டம்வரை வந்தது அதுவே முதல் முறை.

ஏப்ரல் 18, சனிக்கிழமை. டோக்கியோவின்மீது அமெரிக்க விமானங்கள் முதன்முறையாகக் குண்டு வீசிய தேதியும் அதுவே. அன்றிரவு மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் 16,218 பேர் கூடினர். கனடாவில் ஒரு ஹாக்கி ஆட்டத்துக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. உள்ளே இடம் கிடைக்காத கனடா முழுவதும் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தது. பனித்தரைக்கு 56 அடி உயரத்தில் தொங்கிய ஒரு சிறு மாடத்திலிருந்து ஃபாஸ்டர் ஹெவிட் ஆட்டத்தை வருணித்தார். 1923 முதல் அந்த வேலையைச் செய்துவந்தவர் அவர். பனி மூடிய பண்ணை வீடுகளில் சனி இரவு என்றால் அவர் குரல்தான். ஒலிபெருக்கிக்கு முன் அமர்ந்து பேசும் எவருக்கும், அந்த மாடத்தின் மேல் கொஞ்சம் பொறாமை உண்டாகாமல் இராது.

இரண்டாம் பகுதியில் சிட் ஹௌ ஒரு கோல் போட, டெட்ராய்ட் முந்தியது. மூன்றாம் பகுதி தொடங்கியபோதும் 1–0. படைமுகாமிலிருந்து வந்திருந்த கான் ஸ்மித், இடைவேளையில் சீருடையோடு வீரர்களின் அறைக்குள் சென்று பேசினார். மூன்றாம் பகுதியில் டெட்ராய்ட் வீரர் ஒருவர் தண்டனை பெற்று வெளியே சென்றார். ஆள் குறைந்த அந்த வேளையில் ஷ்ரைனர் சமன் செய்தார். சற்று நேரத்தில் பீட் லாங்கெல், கோல் வாயிலில் உருண்டு கிடந்த வட்டைத் தள்ளி முன்னிலை பெற்றுத் தந்தார். ஷ்ரைனர் இன்னொன்று சேர்த்தார். 3–1. பத்தாண்டு வறட்சி முடிந்தது.

மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்று, பின் நான்கையும் வென்று ஸ்டான்லி கோப்பையைப் பெற்ற அணி, இன்றுவரை இது ஒன்றே. 2024-இல் எட்மண்டன் அணி மூன்று தோல்விகளுக்குப் பின் மூன்று வெற்றி பெற்று, ஏழாவது ஆட்டத்தில் 2–1 என்ற கணக்கில் ஃபுளோரிடாவிடம் வீழ்ந்தது. அதற்கும் முன்பே, 1945-இல், இதே டெட்ராய்ட் இதே டொராண்டோவிடம் முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்று, அடுத்த மூன்றையும் வென்று பழிதீர்க்க வந்தது. ஆடம்ஸும் டேயும் மீண்டும் எதிரெதிரே. ஏழாவதில் டொராண்டோ 2–1 எனத் தப்பியது.

1942-இன் வெற்றிக் கூட்டம் விரைவிலேயே கலைந்தது. ஆப்ஸ், புரோடா போன்றோர் படையில் சேர்ந்தனர். போர்க்கால ரயில் நேரங்களுக்கு இடையூறாகும் என்று, அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே வழக்கமான ஆட்டங்களில் கூடுதல் நேரத்தை லீக் நிறுத்திவிட்டது. நாடு அவ்வாறு நாட்களையும் மணிகளையும் எண்ணிக்கொண்டிருந்தது.

டிரில்லன் என்ன ஆனார்? டொராண்டோ உடையில் அவர் மறுபடி ஆடவேயில்லை. அதே ஆண்டு மாண்ட்ரீல் அணிக்கு விற்கப்பட்டார். அங்கே ஒரு பருவம் ஆடி, டொராண்டோவில் போட்டதைவிட ஐந்து மிகுதியாக, 28 கோல்கள் போட்டார். பிறகு படைக்குச் சென்றார், லீக்குக்குத் திரும்பவில்லை. டே செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. டிரில்லனின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம் என்று சொல்லவும் நா எழவில்லை. இறுதி ஆட்டத்தின் இரவில், நகரமே கூத்தாடிய வேளையில், அணியில் அதிகக் கோல் போட்ட அந்த மனிதர் எந்த முகத்தோடு நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

1975-இல் அவரை ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். பெயர்கள் நிறைந்துவிட்ட பழைய பட்டைகளைக் கோப்பையிலிருந்து கழற்றி, டொராண்டோவிலுள்ள அம்மண்டபத்திலேயே வைத்திருக்கிறார்கள். 1942-க்குரிய பெயர்களுள் டான் மெட்ஸும் இருக்கிறார். கார்டி டிரில்லனும் இருக்கிறார்.